வலி யாருடைய குறை?

"வலிக்குது ஃபாதர்" என்று அந்தப் பிள்ளை நம்மிடம் சொன்னது இரண்டு முறை. முதன்முறை 2021-ஆம் ஆண்டு நவம்பரில், பாடற்குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்து கொண்டிருந்த மாலை நேரத்தில். இரண்டாம் முறை ஓராண்டு கழித்து, திருவருகைக் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர். இரண்டு முறையும் நாம் தந்த பதில் ஒன்றுதான்: "பயிற்சி போதாதம்மா. விரல் பழகிவிட்டால் வலி போய்விடும்." மூன்றாம் முறை சொல்ல அவள் வரவில்லை. பாடற்குழுவை விட்டே நின்றுவிட்டாள். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலியில் பேஸ் கிட்டார் இல்லாமலேயே பாடல்கள் ஒலித்தன. இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நாமும் நமக்கே சொல்லிக் கொண்டோம்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதை அறிந்துகொள்ள நமக்கு மேலும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதை அறிவித்தவர் மருத்துவரும் அல்லர், நூலும் அன்று. கால் மில்லிமீட்டர் பருமனுள்ள ஓர் இரும்புத் தகடும், ஓர் ஆலன் சாவியுமே நமக்கு அதைக் கற்பித்தன. அந்தக் கதையைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்து கொள்ள விழைகிறோம். பாடற்குழு உள்ள பங்குகளில் பணியாற்றுவோருக்கும், வீட்டில் இசை பயிலும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் இது ஓரளவேனும் பயன்படக் கூடும்.

நமக்கும் பேஸ் கிட்டாருக்கும் உள்ள தொடர்பு பழையது. குருமடத்தில் பயின்ற நாள்களில், 1993-இல், மூத்த மாணவர் ஒருவரிடம் அதை வாசிக்கக் கற்றோம். அக்காலத்தில் இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் கனத்த அடிக்குரலின் மீது ஒரு மயக்கம் இருக்கவே செய்யும். பாடலின் மேல்தளத்தில் குரலும் வயலின்களும் உலவ, அடித்தளத்தில் அது தனியாக ஒரு கதை சொல்லிக் கொண்டிருக்கும். ஆலயத்தில் கிட்டார் ஒலிக்கலாமா என்று முதியோர் சிலர் அந்நாளில் முகம் சுளித்ததும் உண்டு. 1963-இல் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, குழலிசைக் கருவியாகிய ஆர்கனுக்கு முதலிடம் தந்தாலும், வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் உரிய ஒப்புதலுடன் வாயில் திறந்து விட்டிருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் அவர்களுக்கு விளக்குவார்.

முதல் வாரத்திலேயே விரல் நுனிகள் சிவந்து எரிந்தன. "தழும்பு ஏறட்டும், சரியாகிவிடும்" என்றார் நமக்குக் கற்றுத் தந்தவர். மூன்றே வாரத்தில் தழும்பு ஏறியது, எரிச்சலும் போயிற்று. அவர் சொன்னது நம் வரையில் உண்மையாயிற்று. நாமும் அதையே எல்லாக் காலத்துக்கும், எல்லாக் கைகளுக்கும் உரிய உண்மை என்று எடுத்துக் கொண்டோம்.

இப்போதைய பங்கிற்கு நாம் வந்தது 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். இங்குள்ள பேஸ் கிட்டார் 2016-இல் வெளிநாட்டில் பணிபுரியும் குடும்பம் ஒன்று அன்பளிப்பாக வாங்கித் தந்தது. அப்போது அதை வாசித்துக் கொண்டிருந்த இளைஞர் நல்ல திறமைசாலி. ஆனால் கம்பிகளை ஓங்கி மீட்டுவார். 'டர்ர்' என்ற ஓர் இரைச்சல் கூடவே எழும். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் நாமே ஒரு சிறு ஆலன் சாவியை எடுத்துக் கம்பிகளைத் தாங்கும் திருகாணிகளை முறுக்கி உயர்த்தினோம். கம்பிகள் மேலெழுந்தன, இரைச்சல் அடங்கியது. பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். இந்தச் சிறு செயலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

மறு ஆண்டு பெருந்தொற்று வந்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், பாடற்குழுவின் கருவிகள் எல்லாம் பின்னறையில் அடைபட்டுக் கிடந்தன. பேஸ் கிட்டார் உறையும் இன்றி, முறுக்கிய கம்பிகளோடு, சுவரில் சாய்ந்தபடியே ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கழித்தது. வாசித்து வந்த இளைஞர் வேலை தேடி வளைகுடா நாட்டிற்குச் சென்றுவிட்டார். 2021-இல் வழிபாடுகள் மீண்டும் முறைப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த அந்தப் பெண் பிள்ளை, "நான் கத்துக்கிறேன் ஃபாதர்" என்று தானாக முன்வந்தாள். ஒல்லியான உடல், சிறிய கைகள், சுருதியை இம்மியும் பிசகாமல் உணரும் காது. நாம் உயர்த்தி வைத்த கம்பிகளும், அறையில் கிடந்து வளைந்த கழுத்தும் அவள் கைக்கு வந்து சேர்ந்தன.

2024 தவக்காலத்தில் வேறு எவரும் இல்லாத நிலையில், நாமே அந்தக் கிட்டாரை மீண்டும் எடுத்தோம். முப்பது ஆண்டுப் பழக்கம் எங்கே போய்விடும் என்ற துணிவு. இருபது நிமிடம் வாசித்திருப்போம். இடக்கைப் பெருவிரலின் அடியில் ஊசி குத்தினாற்போல ஒரு வலி கிளம்பி, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறியது. மறுநாள் பேனா பிடிக்கவே கடினமாயிருந்தது. ஐம்பத்து நான்கு வயது ஆகிவிட்டதே, முடக்குவாதமோ என்று முதலில் அஞ்சினோம். மருத்துவரிடம் காட்டியபோது, மூட்டில் குறையில்லை, தசைநாண்கள் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கின்றன, சில நாள் ஓய்வு கொடுங்கள் என்றார்.

ஓய்வு கொடுத்தோம், வலி நீங்கியது. மீண்டும் வாசித்தோம், வலி திரும்பியது. அப்போதுதான் நம் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது: இந்தக் கிட்டாரில் ஏதோ கோளாறு இருக்கிறது. இதை எழுதும்போதும் நமக்கு நாணமாகவே இருக்கிறது. அவள் கையில் வலித்தபோது அது பயிற்சியின் குறை. நம் கையில் வலித்தபோது அது கருவியின் குறை!

பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள நகரத்தில், ஆர்மோனியம், வயலின், கிட்டார் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கிட்டாரைத் தூக்கிக் கொண்டு அவரிடம் போனோம். எழுபது வயதைக் கடந்தவர். நம் கை வலியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினோம். அவர் கையமர்த்திவிட்டு, கிட்டாரை வாங்கி, தச்சர் பலகையை ஒரு கண் மூடிப் பார்ப்பாரே, அதுபோலத் தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நெடுகப் பார்த்தார்.

"சாமி, உங்க கையில ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் கழுத்து வளைஞ்சு கிடக்கு" என்றார்.

பேஸ் கிட்டாரின் கழுத்து ஏன் வளைகிறது என்பதை அறிய, அதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வழக்கமான பேஸ் கிட்டாரில் கம்பியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். மிகத் தடித்த 'ஈ' கம்பி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மெல்லிய 'ஜி' கம்பி 98 முறை. இந்தச் சுருதிக்கு முறுக்கும்போது நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை எழுபது முதல் எண்பது கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளே இரவும் பகலும் கழுத்தைப் பற்றித் தொங்குவது போன்றது இது. அந்த இழுவிசைக்கு ஈடு கொடுக்க மரத்தினுள்ளே ஓர் எஃகுத் தண்டு பதிக்கப்பட்டிருக்கிறது. 'ட்ரஸ் ராட்' என்று அதற்குப் பெயர். கிப்சன் நிறுவனம் 1920-களின் தொடக்கத்தில் கிட்டார்களில் புகுத்திய அமைப்பு இது. கம்பிகள் முன்னே இழுக்க, தண்டு பின்னே இழுக்க, இரண்டுக்கும் நடுவே கழுத்து ஏறக்குறைய நேராக நிற்கிறது.

'ஏறக்குறைய' என்பது இங்கே முக்கியமான சொல். கழுத்து முற்றிலும் நேராக இருத்தலும் ஆகாது. மீட்டிய கம்பி நடுப்பகுதியிலேதான் அகலமாக வீசி அதிரும். அந்த வீச்சுக்கு இடம் விட்டு, கழுத்து முன்புறமாக மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். அதை அளக்கப் பெரியவர் காட்டிய வழி எளிமையானது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃபிரெட். கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், இழுபட்ட கம்பியே நேரான அளவுகோலாகி விடுகிறது. அப்போது எட்டாம் மெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். நம் கிட்டாரில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது.

அதை அளக்க அவர் பயன்படுத்தியது ஃபீலர் கேஜ். இருசக்கர வாகனம் பழுதுபார்ப்போர் எஞ்சினில் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, விசிறி போல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், அதுவேதான். "மெக்கானிக் கடையில கேளுங்க சாமி, எல்லார்கிட்டயும் இருக்கும்" என்றார்.

பிறகு பதினேழாம் மெட்டில் இரும்பு அளவுகோலை வைத்துக் கம்பியின் உயரத்தைப் பார்த்தார். தடித்த கம்பி அங்கே ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டரும் உயர்ந்திருப்பது பொதுவாக ஏற்ற அளவு. நம்முடையதில் தடித்த கம்பி 5 மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொலைவு அதை இறக்க வேண்டும். இறக்க இறக்க அது இழுபட்டு எதிர்க்கும். விரல் அழுத்த, பெருவிரல் பின்னாலிருந்து இடுக்கி போல நெருக்க, மணிக்கட்டு மடங்கும். ஒரு பாடலில் நூற்றுக்கணக்கான முறை இது நிகழ்கிறது. அதற்கும் மேலே, அவ்வாறு இழுபடும் கம்பி உரிய சுருதியைவிடச் சற்று ஏறி ஒலிக்கும்.

"இந்தத் திருகாணிய இவ்வளவு ஏத்துனது யாரு?" என்று பெரியவர் கேட்டார்.

சிறிது நேரம் பேசாமலிருந்தோம். பின்பு, நாம்தான் ஏற்றினோம், இரைச்சல் நிற்கட்டும் என்று ஏற்றினோம் என்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இரைச்சல் ஏன் வந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாம் பார்க்கவில்லை. அவர் கேட்டபின்தான் நூல் பிடித்தாற்போலக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்று பார்த்தோம். அந்த இளைஞர் கம்பிகளை ஓங்கி மீட்டியது ஏன்? அவருடைய ஒலிபெருக்கியின் அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. தம் வாசிப்பு தமக்கே கேட்காததால் ஓங்கி அடித்தார். ஒலியளவைக் குறைத்தது யார்? முன்வரிசையில் அமரும் பெரியோர் சிலர் முறையிட்டதால் நாமே குறைக்கச் சொன்னோம். ஒலியைக் குறைத்தோம், கை வலுத்தது. கை வலுத்ததால் கம்பி மெட்டில் மோதி இரைந்தது. இரைச்சலை அடக்கக் கம்பியை உயர்த்தினோம். உயர்ந்த கம்பி, இரண்டாண்டு கழித்து, இதில் எதையும் அறியாத ஒரு சிறுமியின் கையை வருத்தியது.

இரைச்சலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று பெரியவர் விளக்கினார். முதல் நான்கைந்து மெட்டுகளில் மட்டும் இரைந்தால், கழுத்து மிகவும் நேராகி விட்டது அல்லது பின்னே வளைந்து விட்டது. உடலை ஒட்டிய மேல் மெட்டுகளில் இரைந்தால், கம்பி தாழ்ந்திருக்கக் கூடும். திறந்த கம்பி மட்டும் இரைந்தால், தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் 'நட்' என்னும் சிறு கட்டையின் காடி ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால், அடுத்த மெட்டு தூக்கிக் கொண்டிருக்கலாம். பக்கத்தில் காது வைத்தால் மட்டும் கேட்டு, ஒலிபெருக்கியில் கேட்காத மெல்லிய இரைச்சலைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை. நாமோ எல்லா இரைச்சலுக்கும் ஒரே மருந்தைத்தான் அறிந்திருந்தோம்.

வேலை இரண்டு நாள் நடந்தது. அதற்கும் ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் செய்ததையே மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். முதலில், 2016 முதல் மாற்றப்படாமல் துருவேறிக் கிடந்த கம்பிகளைக் கழற்றினார். தடித்த கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு பருமனுள்ளது. அதற்குப் பதிலாக 95 பங்கு பருமனுள்ள, சற்று மெல்லிய கம்பித் தொகுதியைப் பூட்டினார். மெல்லிய கம்பி அதே சுருதிக்குக் குறைந்த விசையே கேட்கிறது. விரலுக்கும் கழுத்துக்கும் ஒருங்கே பளு குறைகிறது.

பின்பு தலைப்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்து, ட்ரஸ் ராடின் முனையில் ஆலன் சாவியைப் பொருத்தினார். கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, வலப்புறமாகக் கால் சுற்று. அதற்கு மேல் இல்லை. மீண்டும் சுருதி சேர்த்து, மீண்டும் அளந்தார். இன்னொரு கால் சுற்று. "போதாதா? இன்னும் கொஞ்சம் முறுக்கினால் இன்றே முடிந்துவிடுமே" என்றோம். "தண்டு முறிஞ்சா கிட்டாரே போச்சு சாமி. மரத்துக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும்" என்று சொல்லி அன்றைக்குக் கடையை மூடிவிட்டார். மறுநாள் காலை போனபோது கழுத்து மேலும் சிறிது நேராகியிருந்தது. பின்பு ஒரு சிறு திருப்பத்தில், 0.3 மில்லிமீட்டர் தகடு கம்பிக்கும் எட்டாம் மெட்டுக்கும் இடையே உரசியும் உரசாமலும் நுழைந்து வந்தது.

அடுத்து அவர் நட்டைப் பார்த்தார். கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால், முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தாளின் பருமன் அளவே இடைவெளி இருக்க வேண்டும். 'ஈ' கம்பியில் அது பல மடங்கு இருந்தது. கிட்டார் பட்டறையிலிருந்து வந்த நாள் முதல் இருந்த குறை அது. சிறு அரத்தால் காடியை இரண்டு இழைப்பு, பிறகு ஒரு சோதனை. மீண்டும் ஓர் இழைப்பு, ஒரு சோதனை. ஆழம் மிகுந்தால் கட்டையையே மாற்ற வேண்டுமாதலால், அவர் கை மிகவும் தயங்கித் தயங்கியே இயங்கியது.

அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது நமக்குச் 'சுரீர்' என்று ஒரு நினைவு வந்தது. "அந்த எஃப்தான் ஃபாதர் ரொம்ப வலிக்குது" என்று அவள் சொல்லியிருந்தாள். எஃப் என்பது 'ஈ' கம்பியின் முதல் மெட்டு. நட்டுக்கு மிக அருகில் உள்ளது. நட்டின் உயரம் மிகுந்தால் முதலில் துன்புறுத்தும் இடம் அதுவே. 34 அங்குலக் கழுத்தில் முதல் மெட்டின் அகலம் மட்டும் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். நம் பாடற்குழுவில் பெரும்பாலான பாடல்கள் எஃப் சுருதியில் பாடப்படுகின்றன. ஒவ்வொரு பாடலிலும் அவள் மீண்டும் மீண்டும் வந்து நிற்க வேண்டிய இடமே அவளை மிகுதியும் வருத்திய இடம். அது மட்டுமன்று, அந்த ஒலி சற்று ஏறிக் கேட்பதாக ஆர்கன் வாசிப்பவர் குறைகூறியபோது, "காது கொடுத்து வாசி" என்று நாம் அவளிடம் சொல்லியிருந்தோம். அவள் காதில் பழுதில்லை. நோய் எங்கே என்று விரல் வைத்தே காட்டினாள், நாம்தான் பார்க்கவில்லை.

அடுத்துப் பிரிட்ஜின் திருகாணிகளைத் தளர்த்திக் கம்பிகளை உரிய உயரத்துக்கு இறக்கினார். கம்பிகள் இறங்கியதால் ஒலியை வாங்கும் காந்தப் பெட்டிகளையும் கீழே இறக்கினார். அவை கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து, ஒலி அலைக்கழியும். இறுதியாகச் சுருதிப் பொருத்தம். கம்பியின் சரிபாதியாகிய பன்னிரண்டாம் மெட்டில் விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் மணியொலியும், அங்கேயே அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னே நகர்த்திக் கம்பியை நீட்ட வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே நகர்த்த வேண்டும். மின்னணுச் சுருதிமானியில் பார்த்து நான்கு கம்பிகளையும் சரிசெய்தார். எல்லாவற்றுக்கும் அவர் பெற்றுக்கொண்ட கூலி, புதிய கம்பிகளின் விலையைவிடக் குறைவு.

கடைத் திண்ணையில் அமர்ந்து வாசித்துப் பார்த்தோம். எஃப் மெட்டில் விரல் படிந்ததுமே ஒலி எழுந்தது. அழுத்த வேண்டும் என்று ஆயத்தமாக இருந்த கை, அழுத்த வேண்டியதே இல்லாமல் திகைத்தது. முப்பது நிமிடம் வாசித்தும் பெருவிரலில் வலி இல்லை. மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம், மகிழ முடியவில்லை.

மின்சாரப் பேஸ் கிட்டாரை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் வாழ்ந்த லியோ ஃபெண்டர். 1951-இல் அவர் வெளியிட்ட கிட்டாருக்கு 'ப்ரெசிஷன் பேஸ்' என்று பெயர். அதற்கு முன்பு அடிக்குரல் வாசிப்போர் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. அதில் மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிப்பதும் அரிது. மெட்டுகளைப் பதித்துத் துல்லியம் தந்ததாலேயே அந்தப் பெயர். இதில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொன்று. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். ஆகையால், வாசிக்கத் தெரிந்தவர்கள் பட்டறைக்கு வந்து 'இங்கே இடிக்கிறது, அங்கே எட்டவில்லை' என்று சொன்னவற்றைக் கேட்டுக் கேட்டே தம் கருவிகளைத் திருத்தினார். வாசிக்கத் தெரியாத அவர் கேட்டார். வாசிக்கத் தெரிந்த நாம் கேட்கவில்லை. நமக்குத் தெரியும் என்ற நினைப்பே நம் காதை அடைத்துவிட்டது.

பயிற்சியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. புதிதாகக் கற்கும் எவருக்கும் விரல் நுனித் தோல் சில வாரம் எரியத்தான் செய்யும். தழும்பு ஏறியதும் அது மறைந்துவிடும். அது கற்றலின் வலி. பெருவிரலின் அடியிலும், மணிக்கட்டிலும், முன்னங்கையிலும் எழும் வலி வேறு; அது எச்சரிக்கையின் வலி. அதைப் பொறுத்துக் கொண்டு வாசிக்க வாசிக்கக் கேடு மிகுமேயன்றிக் குறையாது. வலி என்றதும் எங்கே வலிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நமக்கு இந்த வேறுபாடு அன்றே விளங்கியிருக்கும். நாம் கேள்வி கேட்கவில்லை, அறிவுரை சொன்னோம். நம் போன்றோருக்கு அறிவுரை சொல்வது எளிது. கேள்வி கேட்கத்தான் பயிற்சி போதாது.

2024 திசம்பர் இறுதியில், செவிலியர் கல்லூரியில் பயிலும் அந்தப் பிள்ளை விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். திருப்பலி முடிந்து வணக்கம் சொல்ல வந்தவளிடம் கிட்டாரை எடுத்துக் கொடுத்தோம். தயங்கி வாங்கிக் கொண்டாள். தோள்வாரைச் சுருக்கி, கழுத்தின் முனை சற்று மேலே நிற்குமாறு மாட்டிவிட்டோம். அவ்வாறு நின்றால் மணிக்கட்டு மடங்க வேண்டியதில்லை. அவள் விரல் தானாகவே அந்த எஃப் மெட்டுக்குச் சென்றது. மீட்டினாள். மீண்டும் மீட்டினாள். பிறகு நிமிர்ந்து, "இது அதே கிட்டாரா ஃபாதர்?" என்றாள்.

அதே கிட்டார்தான் என்றோம். நடந்தது அனைத்தையும், திருகாணியை உயர்த்தியது நாமே என்பது உட்பட, ஒளிக்காமல் சொன்னோம். உன் மேல் குறையில்லை அம்மா, குறை நம்முடையது, மன்னித்துக்கொள் என்றோம். அவள் சற்று நேரம் கம்பியையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என் கை சின்னது, அதனாலதான் முடியலன்னு நெனச்சிட்டேன் ஃபாதர். வீட்லயும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள்.

அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனாலேயே அது நம்மை ஆழமாகத் தைத்தது. வலித்ததைக்கூட ஒருவாறு ஈடுசெய்துவிடலாம். தன் கையே குறையுள்ள கை என்று ஒரு பிள்ளை இரண்டாண்டுக் காலம் நம்பி வாழ்ந்ததை எந்த ஆலன் சாவியைக் கொண்டு சரிசெய்வது?

இப்போது விடுமுறையில் வரும்போது மட்டும் அவள் வாசிக்கிறாள். ஞாயிறுகளில் அவளுக்கு மருத்துவமனைப் பணி இருக்கிறது. மற்ற நாள்களில் எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பி கற்று வருகிறான். சிறு கையாகையால் முதல் மெட்டுகளில் நான்கு விரலையும் விரிக்க வேண்டாம், சுட்டுவிரல், நடுவிரல், சிறுவிரல் மூன்றையும் கொண்டே வாசி என்று டபுள் பேஸ் வாசிப்போரின் முறையை அவனுக்குக் காட்டியிருக்கிறோம். ஒலிபெருக்கியின் அளவைச் சற்றுக் கூட்டி, கம்பியை மென்மையாக மீட்டச் சொல்லியிருக்கிறோம். முன்வரிசைப் பெரியோரிடம் காரணத்தை எடுத்துச் சொன்னோம்; ஒப்புக் கொண்டார்கள். கிட்டாருக்கு உறை வாங்கியாயிற்று. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையுமாக ஆண்டுக்கு இருமுறை அளந்து பார்க்கிறோம்; ஈரம் ஏறினாலும் உலர்ந்தாலும் மரம் அசையத்தான் செய்கிறது.

பாடற்குழுவின் அலமாரியில், பாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் ஆலன் சாவியும் ஃபீலர் கேஜும் தொங்குகின்றன. எந்தப் பிள்ளையாவது வலிக்கிறது என்று வந்தால், எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, முதலில் அவற்றைத்தான் கையில் எடுக்கிறோம்.